கண்ணாடிப் பெட்டிக்கு எந்தப் பக்கம்?

சென்ற பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த என்னைத் தொலைபேசி எழுப்பியது. பேசியவர் எமது நகரத்துத் தமிழ் அமைப்பொன்றில் துடிப்புடன் இயங்கிவரும் இளைஞர். என்னிடம் படித்தவரல்ல. ஆயினும் ஒரு காலத்தில் நான் பல்கலைக்கழகமொன்றில் வரலாறு படிப்பித்தவன் என்பதை அறிந்து, இன்றும் "சேர்" என்றே அழைப்பவர்.

"சேர், கோடை விடுமுறையில மண்டபத்தில ஒரு சின்ன நூதனசாலை மாதிரிச் செய்யப்போறம். எங்கட சனம் இஞ்ச வந்த கதை, ஊரில இருந்து கொண்டுவந்த சாமான்கள், படங்கள் எல்லாம் வைக்கிறம். உங்கட பழைய விரிவுரைக் குறிப்புகள் இருந்தாத் தாங்கோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைப்பம்."

யோசித்துச் சொல்ல ஒரு கிழமை அவகாசம் கேட்டேன். அந்த ஒரு கிழமை பல மாதங்களாகிவிட்டது. அவருக்கு நான் சொல்லவேண்டிய பதிலைத்தான் இங்கு எழுதுகிறேன். அது அவருக்கு மட்டும் உரிய பதிலல்ல என்பதால் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன்.

எமது வட்டங்களில் நூதனசாலை பற்றிய கதை வரும்போதெல்லாம் இரண்டு குரல்களையே கேட்டுவருகிறேன். ஒன்று, நூதனசாலை என்பது ஆளும் வர்க்கத்தின் களஞ்சியம், கொள்ளையடித்ததைக் கொலுவைக்கும் இடம், எமக்கு அதில் அலுவலில்லை என்பது. மற்றது, எமக்கென்று ஒரு பெரிய நூதனசாலை வேண்டும், எமது பெருமையையும் இழப்பையும் உலகம் வந்து பார்க்கவேண்டும் என்பது. முதலாவது குரலுக்குரியவர்கள் நூதனசாலைக்குள் போவதில்லை. இரண்டாவது குரலுக்குரியவர்கள் தம்முடையதைத் தவிர வேறொன்றுக்குள்ளும் போவதில்லை. நான் கடந்த பல வருடங்களாக, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், நான் வாழும் ரூர் பிரதேசத்திலும் கொலோன், பொன் நகரங்களிலும் உள்ள நூதனசாலைகளுக்குப் போய்வருகிறேன். ஆய்வுக்காக அல்ல. தொழிற்சாலையில் ஆறு நாள் நின்ற கால்களுக்கு, யாரும் ஏவாமல் நடக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அவ்வாறு நடந்து கண்டதைக் கொண்டே எழுதுகிறேன்.

1

எமது மொழியிலேயே இதற்கு மூன்று பெயர்கள் உண்டு. இலங்கையில் நாம் நூதனசாலை என்கிறோம். பழையனவற்றை வைத்திருக்கும் இடத்துக்குப் புதுமையைக் குறிக்கும் பெயர். படித்தவர்கள் எழுத்தில் அருங்காட்சியகம் என்பார்கள். சென்னைச் சாதாரண சனம் எழும்பூரில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வைத்த பெயரோ 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. 1851 இல் தொடங்கிய ஒரு பெரிய நிறுவனத்தைப் பற்றி அதன் வாசலில் நின்ற சனம் சொன்ன விமர்சனம் அது. பாடம் செய்யப்பட்ட விலங்குகளைப் பார்த்து வைத்த பெயர்தான் என்றாலும், அதற்குள் ஒரு முழுக் கோட்பாடே இருக்கிறது. பொருள் செத்த பிறகுதான் இங்கே வருகிறது. பார்ப்பவன் அதனிடம் பாடம் கேட்க வருகிறான்.

1982 இல் பாடசாலைச் சுற்றுலாவில் யாழ்தேவியில் கொழும்புக்குப் போய்த் தேசிய நூதனசாலையைப் பார்த்தோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. 1877 இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டிடத்தினுள் ஆசிரியர் எம்மை வரிசையாக நடத்திக்கொண்டு போனார். கண்டி அரசனின் சிம்மாசனத்தின் முன்னால் நிறுத்தினார். பிரித்தானியர் கொண்டுபோன அந்தச் சிம்மாசனம் 1934 இல் திரும்பி வந்தது என்றார். அதில் கடைசியாக இருந்தவன் கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய நாயக்க வம்சத்தவன் என்பதையோ, அவன் வேலூரில் சிறைக்கைதியாக இறந்தான் என்பதையோ அன்று எவரும் சொல்லவில்லை. அது நான் பின்னர் படித்தறிந்தது. அந்தச் சிம்மாசனம் எனக்கு எதுவும் சொல்லவில்லை. அது ஒரு பெரிய கதிரை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கல்லின் முன்னால் நின்றுவிட்டேன். காலியில் கண்டெடுக்கப்பட்ட, 1409 ஆம் ஆண்டுக்குரிய, சீனத் தளபதி செங் ஹே நிறுவிய மும்மொழிக் கல்வெட்டு அது. சீனம், பாரசீகம், தமிழ். அந்தக் கட்டிடம் முழுவதிலும் என்னால் எழுத்துக்கூட்டிப் பார்க்க முடிந்த பழைய பொருள் அதுவொன்றுதான். முழுவதும் விளங்கவில்லை. இரண்டு மூன்று எழுத்துகள் பிடிபட்டதும், கண்ணாடியில் என் முகத்தையே கண்டதுபோல இருந்தது. "நடவடா" என்று ஆசிரியர் தோளில் தட்டும்வரை நின்றேன். அடுத்த ஆண்டு ஜூலைக்குப் பின்னர் அவ்வாறான சுற்றுலாக்கள் நின்றுபோயின.

பெனடிக்ற் அண்டர்சன், 'கற்பிதம் செய்யப்பட்ட சமூகங்கள்' நூலின் 1991 ஆம் ஆண்டுப் பதிப்பில் குடிசனக் கணக்கெடுப்பு, வரைபடம், நூதனசாலை மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பேசுகிறார். குடியேற்ற அரசு தான் ஆளும் சனத்தையும் நிலத்தையும் இறந்தகாலத்தையும் எண்ணி அடுக்கிய கருவிகள் அவை என்பது அவரது வாதம். விரிவுரை மண்டபத்தில் நானும் இதைப் படிப்பித்திருக்கிறேன். வாதம் சரியானதே. ஆனால் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனை அது கணக்கில் எடுக்கவில்லை. அடுக்கியவர் நினையாத ஒன்றைப் பார்வையாளன் கண்டுகொள்ளும் கணமும் நூதனசாலைக்குள் உண்டு. ஆகவே அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியோடு, பார்க்க வந்தவனை எங்கே நிறுத்துகிறார்கள் என்ற கேள்வியையும் கேட்டாகவேண்டும். என்னைப் பொறுத்தவரை நூதனசாலைகளின் வகைகள் இந்த இரண்டாவது கேள்வியாலேயே பிரிகின்றன.

2

எசன் நகரத்திலுள்ள போல்க்வாங் ஓவிய நூதனசாலையின் நிரந்தரச் சேகரிப்பை 2015 இலிருந்து கட்டணமின்றிப் பார்க்கலாம். எமது தொழிற்சாலையில் என்னோடு நிற்கும் துருக்கிக்காரர் ஒருவர் முப்பது வருடமாக எசனில் வாழ்பவர். ஒருமுறையும் உள்ளே போனதில்லை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். வேலைத்தலத்தில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய மனிதர் அங்கே கிசுகிசுத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வான்கோவின் ஓவியத்தை எட்டி நின்று பார்த்தார். பின்னர் குனிந்து நிலத்தை நெடுநேரம் கவனித்தார். அவர் முன்னர் நிலம் பதிக்கும் வேலை செய்தவர். "நல்ல வேலை செய்திருக்கிறார்கள்" என்றார். அன்றைக்கு அவர் தயக்கமின்றிச் சொன்ன ஒரேயொரு கருத்து அதுதான்.

பியர் பூர்டியூவும் அலன் டார்பலும் 1966 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கணக்கெடுத்துக் காட்டியது. ஐரோப்பிய ஓவிய நூதனசாலைகளுக்குப் போவதும் போகாமல் விடுவதும் நுழைவுக் கட்டணத்தைவிடக் கல்வியிலேயே தங்கியிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஆனால் அது தனக்காகத் திறந்திருக்கிறது என்று எண்ணும் பழக்கம் சிலருக்கே ஊட்டப்பட்டிருக்கிறது. இந்த வகை நூதனசாலை பார்வையாளனைக் கோயிலின் வெளி மண்டபத்தில் நிறுத்துகிறது. வணங்கத் தெரிந்தவனுக்குத் தரிசனம். தெரியாதவனுக்கு நிலம்.

ஆயினும் இதே போல்க்வாங்குக்கு இன்னொரு கதையும் உண்டு. 1937 இல் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று முத்திரை குத்தி இங்கிருந்து 1,400 க்கும் மேற்பட்ட படைப்புகளைப் பறித்துப்போனார்கள். பல திரும்பவேயில்லை. தனது இழப்பையும் தன் வரலாறாகச் சொல்லும் நூதனசாலை, தரிசனம் தருவதிலிருந்து ஒரு படி இறங்கி வருகிறது. இந்தக் கதையைச் சொன்னபோதுதான் என் நண்பர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "யார் எடுத்தது? யார் வாங்கினது?" என்று கேட்டார். இப்போது அவர் கிசுகிசுக்கவில்லை.

3

எனது இரண்டாவது வகை, வேலையைக் காட்சிக்கு வைப்பது. ரூர் பிரதேசத்தில் இதற்குக் குறைவில்லை. எசனின் சொல்வறைன் நிலக்கரிச் சுரங்கத்தின் பன்னிரண்டாம் இலக்கக் குழி 1932 இல் இயங்கத் தொடங்கியது. 1986 டிசம்பரில் அங்கு நிலக்கரி எடுப்பது நின்றது. 2001 இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நிலக்கரியைக் கழுவித் தரம்பிரித்த பெரும் கட்டிடத்தில் 2010 இலிருந்து ரூர் நூதனசாலை இயங்குகிறது. 58 மீற்றர் நீளமான நகரும் படியில் ஏறி உச்சிக்குப் போய், நிகழ்காலத்திலிருந்து நினைவு, வரலாறு என்று தளம் தளமாகக் கீழே இறங்கவேண்டும். கரி இறங்கிய வழியில் பார்வையாளனும் இறங்குகிறான். கெட்டித்தனமான ஏற்பாடு. ஆனால் ஒரு காலத்தில் சுவாசத்தை அடைத்த கரித்தூசி அங்கே இல்லை. தூசியில்லாத சுரங்கத்தில் சனம் கல்யாணப் படம் எடுக்கிறது.

டோர்ட்முண்டில் 1993 இல் திறந்த 'டாசா' வேலையுலகக் காட்சிசாலை வேறுவிதம். தொழிற்பாதுகாப்புக்கான மத்திய நிறுவனம் நடத்துவது. நெசவு இயந்திரங்கள், அச்சுக்கோப்பு, உருக்கு உலை என்று தொட்டுப் பார்க்கலாம், சிலவற்றை இயக்கியும் பார்க்கலாம். நான் போன அன்று ஒரு நெசவு இயந்திரத்தை இயக்கிக் காட்டினார்கள். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. கோபத்தால் அல்ல. அடுத்த நாட் காலை ஆறு மணிக்கு நான் பிளாஸ்ரிக் உதிரிப்பாகம் வார்க்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கவேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த நூதனசாலை நேர்மையானது. விபத்தையும் நோயையும் மறைக்காமல் பேசுகிறது. ஆனாலும் அதனால் காட்ட முடியாத ஒன்று இருக்கிறது. வேலையின் சத்தத்தைக் காட்டலாம், எடையைக் காட்டலாம், வெப்பத்தையும் காட்டலாம். எட்டாவது மணித்தியாலத்தைக் காட்ட முடியாது. பார்வையாளன் விரும்பியபோது அப்பால் போகலாம். வேலையாளுக்கு அது முடியாது. இந்த வித்தியாசத்தில்தான் வேலையே அடங்கியிருக்கிறது.

சுரங்கத்தில் ஒரு முறை, முன்னர் அங்கேயே வேலைசெய்த முதியவர் ஒருவர் எமக்கு வழிகாட்டியாக வந்தார். சுவரில் எழுதியிருந்த விளக்கத்தை ஒரு இடத்தில் கையால் தள்ளிவிட்டு, "இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள், நாங்கள் இப்படிச் செய்வதில்லை" என்றார். இருபது பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டோம். அன்றைய நாளின் நூதனசாலை அவர்தான். ஜேர்மனியின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று பொட்றொப்பில் மூடப்பட்டது. அவரைப் போன்றவர்கள் இன்னும் எத்தனை காலம் நின்று சுவரோடு வாதிடுவார்கள்? அவர்களுக்குப் பிறகு சுவர் மட்டுமே பேசும்.

4

மூன்றாவது வகை, மற்றவர்களைக் காட்டுவது. கொலோனின் றவ்ரென்ஸ்றவ்க்-ஜோஸ்ற் இனவியல் நூதனசாலை 2010 இல் புதிய கட்டிடத்துக்கு வந்தது. நுழைந்தவுடன் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலிருந்து கொண்டுவந்த ஒரு முழு நெற்களஞ்சியம் நிற்கிறது. கூர்ந்து எழுந்த கூரை, செதுக்கு வேலைப்பாடு. எங்கள் ஊர்க் கொம்பறைக்கு மூத்த அக்கா போல. கிட்டப்போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். நெல் மணக்கவில்லை. எலி ஓடவில்லை.

இவ்வாறான ஒரு நூதனசாலையில், எங்கே என்பது முக்கியமில்லை, ஒரு முகமூடியின் முன்னால் நின்றபோது அன்பான ஒரு ஜேர்மன் மூதாட்டி என்னிடம் வந்தார். "இது உங்கள் நாட்டினதா? எதற்குப் பாவிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அது என் நாட்டினதல்ல. நானும் அவரைப் போல நுழைவுச்சீட்டு எடுத்து வந்தவன். ஆனால் அவர் கண்ணுக்கு நான் கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து இறங்கி வந்தவன். விளக்கம் சொல்ல எழுதப்பட்ட பலகையாக என்னை எடுத்துக்கொண்டார். அன்றுதான் முதல்முறையாக, நூதனசாலையில் எல்லோரும் பார்வையாளர் அல்லர் என்பது உடம்பில் உறைத்தது.

இந்த வகை நூதனசாலைகளில் இன்று மாற்றம் நிகழ்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 1897 இல் பிரித்தானியப் படை பெனின் அரண்மனையைச் சூறையாடிக் கொண்டுபோன பொருட்கள் ஐரோப்பா முழுவதும் சிதறின. கொலோன் நகரம் தன்னிடமிருந்த 92 பொருட்களின் உரிமையை 2022 டிசம்பரில் நைஜீரியாவுக்கு மாற்றியது. மூன்று உடனே கையளிக்கப்பட்டன. ஒரு பகுதி கடனாகக் கொலோனிலேயே இருக்கிறது. சில மாதங்களில், 2023 இல், நைஜீரியாவின் அன்றைய ஜனாதிபதி அப்பொருட்களின் உரிமை பெனின் மன்னருக்கே என அறிவித்தார். உடனே ஐரோப்பியப் பத்திரிகைகளில் விவாதம் எழுந்தது. மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தோமா, மன்னனுக்குக் கொடுத்தோமா? களவெடுத்தவன் இந்தக் கேள்வியைக் கேட்பதில் உள்ள திமிர் வெளிப்படையானது. ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். 1934 இல் கண்டிச் சிம்மாசனம் யாரிடம் திரும்பி வந்தது? 'எமது' என்று ஒரு பொருளைச் சொல்லும்போது அந்த 'எம்'முக்குள் யார் யார்?

5

பொன் நகரிலுள்ள 'வரலாற்று இல்லம்' 1994 இல் திறந்தது. அதன் சேகரிப்பில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 1964 செப்டெம்பர் 10 அன்று கொலோன்-டொய்ற்ஸ் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய போர்த்துக்கேயத் தச்சர் அர்மாண்டோ றொட்றிகெஸ் ட சா, ஜேர்மனிக்கு வந்த பத்து லட்சமாவது விருந்தாளித் தொழிலாளி என அறிவிக்கப்பட்டு, பூச்செண்டுடன் அவருக்குக் கொடுக்கப்பட்ட சுண்டாப் வண்டி அது. திகைத்த முகத்துடன் அவர் அதில் இருக்கும் படத்தை இந்நாட்டுப் பாடப்புத்தகங்களிற் காணலாம். அவர் பின்னர் நோயாளியாகி ஊர் திரும்பினார். ஜேர்மன் நோய்க் காப்புறுதியில் தனக்கிருந்த உரிமையை அறியாமல், உழைத்த காசையெல்லாம் மருத்துவத்துக்குச் செலவழித்தார். 1979 இல் இறந்தார். வண்டி இன்றும் மினுங்குகிறது.

பொருள் மினுங்க மினுங்க மனிதன் மங்குவது நூதனசாலையின் நிரந்தர ஆபத்து. இதற்கு மாற்றாக ஒன்றும் நடந்திருக்கிறது. 1990 இல் எசனில் துருக்கியிலிருந்து வந்த நால்வர் சேர்ந்து, தமது தலைமுறையின் சம்பளச் சிட்டைகளையும் கடிதங்களையும் ஒலிநாடாக்களையும் தாமே சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த முயற்சியே இன்று கொலோனில் 'டொமிட்' என்ற நிறுவனமாக, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட சான்றுகளுடன் வளர்ந்திருக்கிறது. கால்க் பகுதியில் ஒரு பழைய தொழிற்சாலை மண்டபத்தில் அதற்கு நூதனசாலை அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. பூச்செண்டு கொடுத்தவர்கள் சேர்த்ததற்கும், வாங்கியவர்கள் தாமே சேர்த்ததற்கும் வித்தியாசம் இருக்கிறது. எமது இளைஞரின் முயற்சியை இந்த வரிசையில் வைத்தே நான் மதிக்கிறேன். தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது.

6

அந்தத் தயக்கத்துக்குப் பெயர் வைக்க எனக்கு உதவியது கொலோனின் 'எல்-டே' இல்லம். 1935 இலிருந்து 1945 வரை கெஸ்ராப்போவின் கொலோன் தலைமையகம். நிலவறையில் பத்துச் சிறைக்கூடங்கள். அவற்றின் சுவர்களில் கைதிகள் பென்சிலாலும் கரியாலும் ஆணியாலும் நகத்தாலும் எழுதிய ஏறக்குறைய 1,800 பதிவுகள். பெயர்கள், திகதிகள், அம்மாவுக்குச் செய்தி. சோவியத் நாடுகளிலிருந்து கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் எழுதியவை பல.

யுத்தம் முடிந்ததும் நகரசபை இக்கட்டிடத்தைத் தனது காரியாலயங்களுக்கு எடுத்துக்கொண்டது. சிறைக்கூடங்களில் கோப்புகளை அடுக்கினார்கள். மேலே அலுவல்கள் நடந்தன. கீழே சுவர்கள் எழுத்தோடு இருந்தன. 1979 இல் கேர்ட் ஹோல் என்ற ஆசிரியரும் கேர்நொட் ஹூபர் என்ற படப்பிடிப்பாளரும் இரவில் வேண்டுமென்றே உள்ளே அடைபட்டுக் கிடந்து, சுவர்களைப் படமெடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். நகரம் அதன்பின் வாய்மூடியிருக்க முடியவில்லை. 1981 இல் நிலவறை நினைவிடமானது. 1997 இல் மேல் தளங்களில் நிரந்தரக் காட்சி திறந்தது.

இங்கே பெட்டியில்லை, வெளிச்ச வித்தையில்லை. ஆனால் ஒரு ஜேர்மனியன் இங்கு வந்தால், அவனது சொந்த நகரத்தின் சுவர் அவனிடம் கேட்கிறது: முப்பத்துநான்கு வருடம் இதற்கு மேலால் நடந்து திரிந்தாயே? பாதிக்கப்பட்டவர்களின் நூதனசாலைகள் உலகெங்கும் உண்டு. செய்தவர்கள் தமது நிலவறையைத் தாமே திறந்து வைப்பது அரிது. இதுவே நான் கண்டவற்றுள் உயர்ந்த வகை என்பேன். மற்றவை பார்வையாளனைப் பக்தனாகவோ விருந்தினனாகவோ நிறுத்துகின்றன. இது அவனைப் பதில் சொல்ல நிறுத்துகிறது.

இந்த உரைகல்லில் எமது மண்ணை உரசிப் பார்ப்போம். 2009 இன் பின்னர் இராணுவம் புதுக்குடியிருப்பில் கைப்பற்றிய படகுகளையும் ஆயுதங்களையும் காட்சிக்கு வைத்தது. பிரபாகரனின் நிலக்கீழ் இல்லத்தைத் தெற்கிலிருந்து பஸ்களில் வந்த சனம் வரிசையில் நின்று பார்த்தது. 2013 இல் அதுவும் தகர்க்கப்பட்டது. கோப்பாயில் துயிலும் இல்லத்தை இடித்து, 2011 இல் அதன்மேல் படைத்தலைமையகம் திறந்தார்கள். வென்றவன் தனக்கு மட்டும் காட்டிய காட்சி அது. அங்கே வாழ்ந்து செத்த சனத்துக்கு அதில் இடமில்லை. 1981 இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்த யாழ் நூலகத்தைப் பின்னர் அழகாகப் புதுப்பித்து வெள்ளையடித்தார்கள். எரிந்த சுவரில் ஒரு முழத்தையேனும் விட்டிருக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

சரி, இது அரசு. நாம்? நவம்பர் 27 அன்று எமது மண்டபங்களில் படங்களுக்கு மாலை விழுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீரை எவரும் விமர்சிக்க முடியாது. நான் கேட்பது அந்தச் சுவரில் இல்லாத படங்களைப் பற்றி. மாற்று இயக்கங்களில் இருந்ததற்காக எம்மவராலேயே கொல்லப்பட்டவர்கள், 1989 இல் திருநெல்வேலி வீதியில் சுடப்பட்ட ராஜனி திராணகம, 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

7

இப்போது தம்பி கேட்ட விரிவுரைக் குறிப்புகளுக்கு வருகிறேன். ஒரு கொப்பி என்னிடம் இருக்கிறது. மூலச் சான்றுகளை எவ்வாறு வாசிப்பது என்பது அதிலுள்ள முதலாவது பாடம். ஒரு பொருளைக் கண்டால், இதைச் செய்தது யார், வைத்திருந்தது யார், கைமாறியது எவ்வாறு என்று கேள் என அதில் எழுதியிருக்கிறேன். எட்டு வருடம் அதைப் படிப்பித்தேன். ஒரு பொருளிடம் மட்டும் அதைக் கேட்காமலிருந்தேன்.

1990 இறுதியில், நான் மாணவனாக இருந்தபோது, எங்கள் வீட்டுக்கு ஒரு தேக்கு அலுமாரி வந்தது. அப்பா மலிவு விலைக்கு வாங்கினார். யாரிடம் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் அவ்வாறான சாமான்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறியாதவர் ஊரில் இருக்கவில்லை. எனது புத்தகங்களை அதில் அடுக்கினேன். கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் இழுத்த சிறிய கிடைக்கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு திகதி. இரண்டு பிள்ளைகளை நிறுத்தி உயரம் குறித்திருக்கிறார்கள். கடைசித் திகதி 1990 ஆவணி. அந்தப் பெயர்களை இங்கு எழுதமாட்டேன். அவற்றைச் சொல்லும் உரிமை என்னுடையதல்ல. ஐந்து வருடம் நாளுக்குப் பலமுறை அந்தக் கதவைத் திறந்தேன், மூடினேன். கோப்புகளை அடுக்கிய கொலோன் குமாஸ்தாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அலுமாரி இல்லை. அம்மா சாகும்வரை "எங்கட தேக்கு அலுமாரி, எங்கட தேக்கு அலுமாரி" என்று சொல்லி அழுதா. நானும் இழந்தவற்றின் பட்டியலில் அதை எழுதினேன். அந்தப் பட்டியல்தான் இன்றும் எம்மிடம் இருக்கும் நூதனசாலை. அதில் எல்லாமே எமது, எல்லாமே இழந்தவை.

ஆகவே தம்பி, எனது பதில் இதுதான். விரிவுரைக் கொப்பியைத் தருகிறேன். தனியாக அல்ல. அதன் பக்கத்தில் இன்னொரு பெட்டி வேண்டும், வெறுமையாக. அதற்கு மேல் அந்த அலுமாரியின் கதையை நான் எழுதித் தரும் விதத்தில், எனது பெயருடன் ஒட்டவேண்டும். மண்டபத்துக்கு வருபவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்த பொருட்களைப் பற்றியும் எழுத ஒரு கொப்பியும் பேனையும் அங்கே கிடக்கட்டும். பெயர் போடாமலும் எழுதலாம். ஒருவரும் எழுதாவிட்டால் வெறுங்கொப்பியையும் காட்சிக்கு வையுங்கள். சுரங்கத்து முதியவரைப் போல, சுவரில் எழுதியதை மறுத்துப் பேச ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே நிற்கிறேன்.

உங்கள் நிர்வாகக் குழு இதற்குச் சம்மதிக்காது என்று சில நண்பர்கள் இப்போதே சொல்கிறார்கள். மண்டபத்துக்குக் காசு தருபவர்கள் முகம் சுழிப்பார்களாம். இருக்கலாம். அவ்வாறாயின் கொப்பி என்னிடமே இருக்கட்டும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வருகிற கிழமை எனக்குப் பின்னேர வேலை. காலையில் வீட்டில்தான் நிற்பேன்.